எண்பத்தேழில் ஒரு பங்கு

அமெரிக்காவின் எஃப்டி டீசல் ரயில் இன்ஜினை எச்ஓ அளவில் செய்து மேசைமேல் வைத்தால், ஒரு கைப்பேசியைவிடச் சற்றே நீளமாக இருக்கும். எச்ஓ என்றால் அசலில் 87-ல் ஒரு பங்கு. அசல் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள 1,435 மில்லிமீட்டர் இடைவெளி, மாதிரியில் 16.5 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. பதினான்கரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள இன்ஜின் 17 சென்டிமீட்டரில் அடங்கிவிடுகிறது. ஓட்டுநர் ஏறும்போது பிடித்துக்கொள்ளும் இரும்புக் கம்பியின் தடிமன் 19 மில்லிமீட்டர். மாதிரியில் அது 0.22 மில்லிமீட்டர். ஆனாலும் அக்கறையுள்ள தயாரிப்பாளர்கள் அந்தக் கம்பியையும் விடுவதில்லை.

விளையாட்டுச் சாமான் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நல்ல மாதிரி என்பது ஒரு வரலாற்று ஆவணம். கூரையில் எத்தனை விசிறிகள், பக்கவாட்டில் எத்தனை வட்டச் சன்னல்கள், அவை நெருங்கி நிற்கின்றனவா விலகி நிற்கின்றனவா என்ற ஒவ்வொன்றுக்கும் பின்னால் பொறியாளர்கள் எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. படிக்கத் தெரிந்தவருக்கு, இந்த 17 சென்டிமீட்டருக்குள் இருபதாம் நூற்றாண்டு ரயில் போக்குவரத்தின் மிகப் பெரிய மாற்றம் அடங்கியிருப்பது தெரியும்.

நான்கு சன்னல்கள்

எஃப்டி மாதிரியின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு வட்டச் சன்னல்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் வரிசையாக இருக்கும். அதன் வழிவந்த எஃப்7 வகையில் இரண்டே சன்னல்கள்தான். கூரையிலும் வேறுபாடு உண்டு. எஃப்டியில் குளிர்விக்கும் விசிறிகள் இரண்டு இடங்களில் இரண்டிரண்டாகப் பிரிந்து நிற்கும். டீசல் எந்திரத்திலிருந்து தண்டும் பெல்ட்டும் வழியாக அவற்றைச் சுழற்றினார்கள். 1945-ல் வந்த எஃப்3 வகையில் விசிறிகளுக்கு மின்மோட்டார் பொருத்தினார்கள். நான்கும் ஒரே வரிசையில் சேர்ந்துகொண்டன. பெல்ட் அறுந்துபோகும் தொல்லை தீர்ந்தது. கூரையை மேலிருந்து ஒரு முறை பார்த்தாலே இது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வடிவமைப்பா பிந்தையதா என்று சொல்லிவிடலாம்.

இந்த இன்ஜின் பிறந்த கதை கார் கம்பெனியிலிருந்து தொடங்குகிறது. 1930-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இரண்டு சிறிய கம்பெனிகளை வாங்கியது. ஒன்று வின்டன் எந்திர நிறுவனம். மற்றொன்று ரயில்களுக்கான மோட்டார் பெட்டிகளை வடிவமைத்துவந்த எலக்ட்ரோ-மோட்டிவ். காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் கண்டுபிடித்த சார்லஸ் கெட்டரிங் அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவர். எடை குறைந்த, வலிமை மிகுந்த டீசல் எந்திரம் ஒன்றைச் செய்யவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1933-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அப்படி இரண்டு எந்திரங்கள் ஓடிக் காட்டின. அவற்றைப் பார்த்த பர்லிங்டன் ரயில் கம்பெனியின் தலைவர் ரால்ஃப் பட், தம்முடைய புதிய ரயிலுக்கு அதே எந்திரம் வேண்டும் என்று கேட்டார். 1934 மே 26 அன்று அந்த ரயில், பயனியர் செஃபிர், டென்வரிலிருந்து சிகாகோவுக்கு ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரத்தை எங்கும் நிற்காமல் 13 மணி 5 நிமிடத்தில் கடந்தது.

ஆனால் அது மூன்றே பெட்டிகள் கொண்ட இலகுவான பயணிகள் ரயில். நிலக்கரியும் கோதுமையும் ஏற்றிய சரக்கு ரயிலை டீசல் இழுக்குமா என்ற கேள்வி அப்படியே இருந்தது. அதற்கு விடை சொல்ல வந்ததுதான் எஃப்டி. 1938-ல் 567 என்ற புதிய எந்திரம் தயாரானது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம். அதுவே எந்திரத்தின் பெயராயிற்று. வி வடிவத்தில் 16 சிலிண்டர்கள், இரண்டு வீச்சுச் சுழற்சி, 1,350 குதிரைத்திறன். இப்படிப்பட்ட நான்கு இன்ஜின்களை ஒன்றோடொன்று கோத்து, 5,400 குதிரைத்திறன் கொண்ட ஒரே தொடராக்கினார்கள். அதற்கு 103 என்று எண் கொடுத்தார்கள்.

1939 நவம்பரில் 103 நாடு சுற்றக் கிளம்பியது. 11 மாதங்களில் 20 ரயில் கம்பெனிகளின் பாதைகளில், 35 மாநிலங்களில், 83,764 மைல் ஓடியது. கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 1,34,800. கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேல் உயர்ந்த மலைப்பாதை வரை ஏறியது. உறைபனியிலும் பாலைவன வெயிலிலும் சரக்கு இழுத்தது. பார்த்த கம்பெனிகளுக்குச் சந்தேகம் தீர்ந்தது.

டீசல் எந்திரம், மின்சாரச் சக்கரம்

டீசல் ரயில் இன்ஜின் என்று நாம் சொன்னாலும், டீசல் எந்திரம் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுவதில்லை. நின்ற நிலையில் இருக்கும் ஆயிரக்கணக்கான டன் எடையை நகர்த்த, முதல் நொடியிலேயே மிகப் பெரிய முறுக்குவிசை வேண்டும். டீசல் எந்திரம் நின்ற நிலையிலிருந்து சுமையோடு புறப்பட முடியாது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால்தான் அது வேலை செய்யும். ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைத்திறனைத் தாங்கும் கிளட்சும் கியரும் அன்று இல்லை.

எனவே இடையில் மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். டீசல் எந்திரம் ஜெனரேட்டரைச் சுழற்றும். ஜெனரேட்டர் தரும் மின்சாரம் ஒவ்வொரு அச்சிலும் உள்ள டிராக்‌ஷன் மோட்டாருக்குப் போகும். அன்று பயன்பட்ட நேர்மின் தொடர்சுற்று மோட்டாருக்கு ஓர் அருமையான குணம் உண்டு. அது நின்றுகொண்டிருக்கும்போதுதான் அதன் முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும். வேகம் கூடக்கூட முறுக்குவிசை குறையும். ரயிலுக்கு வேண்டியதும் அதுதான். நீராவி இன்ஜினோ வேகம் பிடித்த பிறகுதான் தன் முழுத் திறனைக் காட்டும். மேட்டில் ஊர்ந்து ஏறும் சரக்கு ரயிலுக்கு முன்னால் டீசல் வென்றதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், பல இன்ஜின்களை ஒரே ஆள் ஓட்டும் வசதி. மூன்று நீராவி இன்ஜின்களைச் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டுநர், ஒரு ஃபயர்மேன். மலையேற்றத்தில் அவர்கள் விசில் மூலம்தான் பேசிக்கொள்ள வேண்டும். 103-ன் நான்கு இன்ஜின்களையும் மின்கம்பிகள் இணைத்தன. முன்னால் இருக்கும் ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பினால் நான்கும் ஒன்றாகக் கேட்கும். இந்த முறையை 1897-ல் ஃபிராங்க் ஸ்பிரேக் சிகாகோவின் மின்சார ரயில்களுக்காகக் கண்டுபிடித்திருந்தார். டீசல் அதைச் சரக்குப் பாதைக்குக் கொண்டுவந்தது. நான்கு இன்ஜின்களில் நடுவில் நின்ற இரண்டுக்கும் ஓட்டுநர் அறையே கிடையாது. மாதிரிக் கடைகளில் முகமும் முன்கண்ணாடியும் இல்லாத பெட்டி போன்ற இன்ஜின் விற்பதைப் பார்த்து வியப்பவர்களுக்கு விடை இதுதான்.

மூன்றாவது காரணம் தண்ணீர். எஃப்டியை முதலில் வாங்கிய சான்டா ஃபே ரயில்வேயின் பாதை அரிசோனா, கலிஃபோர்னியா பாலைவனங்களைக் கடந்து சென்றது. நீராவி இன்ஜின் குடிக்கும் தண்ணீர் அங்கே கிடைக்காது; கிடைத்தாலும் உப்பு நிறைந்து கொதிகலனைக் கெடுக்கும். தண்ணீரையே டாங்கர்களில் ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். டீசலுக்கு அந்தக் கவலையே இல்லை. தவிர, சான்டா ஃபேயின் பாதையில் செங்குத்தான இறக்கங்கள் உண்டு. இரும்பு பிரேக் கட்டைகள் சூடேறிச் சக்கரங்கள் கொதிக்க, வழியில் நிறுத்தி ஆறவிட்டுப் போகவேண்டியிருந்தது. எஃப்டியில் டைனமிக் பிரேக் பொருத்தினார்கள். இறக்கத்தில் மோட்டார்களே ஜெனரேட்டர்களாக மாறி மின்சாரம் தரும்; அதைக் கூரையில் உள்ள மின்தடைகளில் வெப்பமாக எரித்துவிடுவார்கள். சக்கரத்தைத் தொடாமலே ரயில் அடங்கும்.

இரண்டாம் உலகப் போர் இந்த இன்ஜின்களைப் பிழிந்தெடுத்தது. பசிபிக் போர்முனைக்குச் சென்ற சரக்கில் பெரும் பங்கு சான்டா ஃபே வழியாகப் போயிற்று. அந்தக் கம்பெனி மட்டும் 320 எஃப்டி அலகுகளை வாங்கியது. மொத்தம் ஆயிரத்துக்கு மேற்பட்டவை உருவாயின. போர் முடிந்தபோது அமெரிக்காவில் 35,000-க்கும் மேல் நீராவி இன்ஜின்கள் இருந்தன. பதினைந்தே ஆண்டுகளில், 1960 வாக்கில், பெரிய கம்பெனிகளின் அன்றாட ஓட்டத்திலிருந்து அவை மறைந்துவிட்டன.

ஓர் ஊரின் விலை

இந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. அழகான மாதிரிகளைப் பார்க்கும்போது அதை மறந்துவிடக் கூடாது.

நீராவி இன்ஜின் சுமார் நூறு மைலுக்கு ஒரு முறை நின்று கவனிப்புக் கேட்கும். தண்ணீர் நிரப்ப வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், எண்ணெய் போட வேண்டும், ஆட்கள் மாறவேண்டும். அதற்காகவே பாதை நெடுக ஊர்கள் எழுந்தன. டீசல் வந்ததும் அந்த ஊர்களில் ரயில் நிற்க வேண்டிய தேவையே போய்விட்டது. ஃப்ரெட் காட்ரெல் என்ற சமூகவியலாளர் 1951-ல் அப்படிப்பட்ட ஒரு பாலைவன ஊரைப் பற்றி எழுதினார். ஊருக்குக் கேலியன்டே என்று பெயரிட்டார். அவர் கண்ட உண்மை மனத்தை உறுத்துவது: ஊரை நம்பி வீடு கட்டியவர்கள், கடை போட்டவர்கள், ஒரே கம்பெனியில் ஆண்டுக்கணக்கில் உழைத்து மூப்பு சேர்த்தவர்கள், அவர்களே அதிகம் இழந்தார்கள். எதையும் நட்டுவைக்காதவர்கள் எளிதாக வேறு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ரயில் கம்பெனிகளுக்கு மிச்சம், பயணிகளுக்கு வேகம், வானத்துக்குப் புகை குறைவு. இவை எல்லாம் உண்மை. கணக்குப் புத்தகத்தில் ஏறாத இழப்பும் உண்மை. தொழில்நுட்பத்தின் வரலாறு எழுதுபவர் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

நீராவி இன்ஜின் செய்த மூன்று பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. லைமா பால்ட்வினோடு இணைந்தது. இணைந்த நிறுவனமும் 1956-ல் ரயில் இன்ஜின் தயாரிப்பைக் கைவிட்டது. ஆல்கோ டீசலுக்கு மாறி நெடுங்காலம் போட்டியிட்டு 1969-ல் ஓய்ந்தது.

அவர்களைத் தோற்கடித்தது எந்திரம் மட்டுமல்ல, விற்பனை முறையும்தான். நீராவிக் காலத்தில் ஒவ்வொரு ரயில் கம்பெனியும் தனக்கென்று தனி வடிவம் வரைந்து கேட்கும். ஜெனரல் மோட்டார்ஸ் கார் விற்பதுபோலவே இன்ஜின் விற்றது. வடிவம் ஒன்றுதான்; உதிரிபாகம் எல்லாருக்கும் பொது; வண்ணம் மட்டும் வாங்குபவர் விருப்பம். அந்த வண்ணங்களைத் தீட்டித்தரத் தனி ஓவியர்களையே வைத்திருந்தது. அவர்களில் ஒருவரான லீலண்ட் நிக்கர்பாக்கர் 1937-ல் சான்டா ஃபேவுக்காக வரைந்த சிவப்பு–வெள்ளி வண்ணம்தான், தலையில் இறகணிந்த செவ்விந்தியப் போர்வீரரை நினைவூட்டும் அந்தப் புகழ்பெற்ற முகம்.

இந்த முறை மாதிரித் தயாரிப்பாளர்களுக்கு வரமாக அமைந்தது. ஒரே அச்சு செய்தால் போதும். வண்ணத்தை மாற்றினால் இருபது கம்பெனிகளின் இன்ஜின் தயார். லயனல் நிறுவனம் 1948-ல் எஃப்3 மாதிரியைச் சான்டா ஃபே வண்ணத்திலும் நியூயார்க் சென்ட்ரல் வண்ணத்திலும் வெளியிட்டது. சான்டா ஃபே சிவப்பு ஒரு தலைமுறை அமெரிக்கக் குழந்தைகளுக்கு ரயில் என்றதும் நினைவுக்கு வரும் நிறமாயிற்று. பெரிய இன்ஜினைப் பரப்பிய அதே பொருளாதாரம்தான் சின்ன இன்ஜினையும் வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது.

சுருங்க மறுக்கும் இயற்பியல்

நீளத்தை 87-ல் ஒரு பங்காக்குவது எளிது. இயற்பியல் விதிகள் அப்படிச் சுருங்குவதில்லை. மாதிரி செய்பவர் சந்திக்கும் நிஜமான சவால் இங்கேதான் இருக்கிறது.

முதலில் எடை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறைந்தால் கனஅளவு 87 × 87 × 87, அதாவது 6,58,503 மடங்கு குறையும். 100 டன்னைத் தாண்டிய எஃப்டி, விகிதப்படி சுமார் 160 கிராம்தான் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் மாதிரி உருப்படியாக இழுக்காது. காரணம், சிறிய அச்சுகளிலும் தாங்கிகளிலும் உராய்வு, எடையோடு ஒப்பிட்டால், அசலைவிடப் பல மடங்கு அதிகம். எனவே உள்ளே உலோகக் கட்டியை வைத்து எடையை இரண்டு மடங்குக்கும் மேலாக்குகிறார்கள்.

அடுத்தது ஓட்டத்தின் உந்தம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில், எந்திரத்தை அணைத்தாலும் கிலோமீட்டர் கணக்கில் உருளும். அதே வேகம் எச்ஓ அளவில் நொடிக்கு 32 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் போகும் மாதிரிப் பெட்டியைத் தன்போக்கில் விட்டால், கணக்குப்படி ஒரு முழம்கூட ஓடாது. உருளும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால் வரும் விளைவு இது. போதாக்குறைக்கு, மாதிரியின் மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் புழுப் பல்லிணையில் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தால் மோட்டாரைச் சுழற்ற முடியாது. மின்சாரம் ஒரு கணம் தடைபட்டால் வண்டி வெடுக்கென்று நின்றுவிடும். அதற்காக மோட்டாரின் இரு முனைகளிலும் பித்தளைப் பறப்புச்சக்கரங்களைப் பொருத்துகிறார்கள். அவை சேர்த்துவைத்த சுழற்சி, தண்டவாளத்தில் அழுக்குப் படிந்த இடத்தை வண்டி கடக்கும்வரை கைகொடுக்கும்.

அசல் எஃப்டியில் ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு மோட்டார். மாதிரியில் நடுவில் ஒரே மோட்டார். இரு பக்கமும் தண்டுகள் நீண்டு சக்கரங்களைத் தாங்கும் இரண்டு சட்டங்களுக்கும் விசையைக் கொண்டுபோகும். ஆனாலும் எல்லாச் சக்கரமும் இழுக்கவேண்டும் என்ற அடிப்படைக் கொள்கை அப்படியே தங்கிவிட்டது.

சக்கரத்தைக் கூர்ந்து பார்த்தால் மற்றொரு சமரசம் தெரியும். அமெரிக்காவில் பரவலாக உள்ள மாதிரிச் சக்கரத்தின் அகலம் 2.8 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் 24 சென்டிமீட்டருக்கு மேல். அசல் சக்கரமோ சுமார் 14 சென்டிமீட்டர்தான். சக்கரம் தடிமனாக இல்லாவிட்டால் வீட்டுப் பாதையின் கடும் வளைவில் தடம்புரளும். வழக்கமான மாதிரி வளைவின் ஆரம் 18 அங்குலம். அசல் அளவில் அது 40 மீட்டர். எந்த முதன்மைப் பாதையிலும் அப்படி வளைக்க மாட்டார்கள். வேறு வழியும் இல்லை. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை சான்டா ஃபே பாதை சுமார் 2,200 மைல். எச்ஓ அளவில் அப்படியே போட்டால் 40 கிலோமீட்டர் வேண்டும். எதை விட்டுவிடுவது, எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் தீர்ப்பில்தான் மாதிரிக் கலைஞரின் திறமை இருக்கிறது.

1990-களில் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்குப் பொதுத் தரம் வந்தது. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்னழுத்தம் இருக்கும். கட்டளைகள் அதன் மேலேயே குறிமுறையாகப் போகும். ஒவ்வோர் இன்ஜினுக்குள்ளும் உள்ள சில்லு தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்கும். நான்கு மாதிரிகளை ஒரே எண்ணில் சேர்த்து ஒரே கைப்பிடியால் ஓட்டலாம். 103-ன் ஓட்டுநர் செய்ததும் அதுவேதான். 567 எந்திரத்தின் உறுமலைப் பதிவுசெய்து, சின்ன ஒலிபெருக்கி வழியாகச் சுமைக்கேற்ப ஒலிக்கவும் செய்கிறார்கள்.

நம் பக்கத்து இன்ஜின்கள்

567 எந்திரத்தின் ஒலி தமிழர்களுக்குப் புதிதல்ல. 1954 முதல் கொழும்புத் திட்ட உதவியாகக் கனடா இலங்கைக்கு அனுப்பிய எம்2 வகை டீசல்களில் இருந்தது 12 சிலிண்டர் கொண்ட 567 எந்திரம்தான். கனடாவின் மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய அந்த இன்ஜின்கள் இலங்கையின் வடபகுதித் தடத்திலும் ஓடின.

இந்தியா மறுபக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸிடமும் கொஞ்சம் இன்ஜின்கள் வாங்கிப் பார்த்தபின், தொழில்நுட்பத்தைக் கற்றுத்தர முன்வந்த ஆல்கோவோடு சேர்ந்தது. 1964-ல் வாரணாசியில் முதல் டபிள்யூடிஎம்-2 உருவானது. 2,600 குதிரைத்திறன் கொண்ட அந்த இன்ஜின் இரண்டாயிரத்துக்கும் மேல் பெருகியது. அமெரிக்காவில் தோற்ற ஆல்கோ, ஈரோடு, பொன்மலை டீசல் ஷெட்டுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தது. ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் அதன் ஒவ்வொரு போல்ட்டையும் அறிவார்கள்.

அந்த இன்ஜினை எச்ஓவில் செய்தால் சுமார் 20 சென்டிமீட்டர் வரும். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3. ஆனால் கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். நம் இன்ஜினின் சரியான மாதிரிக்குத் தண்டவாளத்தைக்கூட நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எஃப்டியின் அசல்கள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. 103-ன் முன் அலகு செயின்ட் லூயி போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரும்பாலானவை இரும்புக் கடைக்குப் போய்விட்டன. ஆனால் அவற்றின் ஒவ்வொரு வகையும் எப்படி இருந்தது என்று இன்று ஒரு பள்ளி மாணவனால்கூடச் சொல்ல முடிகிறது. ஓய்வுபெற்ற ஊழியர்களும் ஆர்வலர்களும் டேப் வைத்து அளந்து, படமெடுத்து, வரைந்துவைத்ததே அதற்குக் காரணம். நம் பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. டபிள்யூடிஎம்-2 வகை இன்ஜின்கள் கழித்துக் கட்டப்பட்டுவருகின்றன. ஷெட்டுகளில் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ரயிலை நேசிக்கும் இளைஞர்கள் அவர்களைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். வரைபடங்களைப் பிரதி எடுக்க வேண்டும். நிற்கும் இன்ஜின்களை உரிய அனுமதி பெற்று அளக்க வேண்டும். அதை இப்போதே செய்தாக வேண்டும். பத்து ஆண்டு கழித்து அளக்க இன்ஜின் இருக்காது.